16 வயது மகனைப் பரதம் படிக்கச் சென்னைக்கு அனுப்புகிறோம், குரு வீட்டிலேயே தங்க வைக்கலாமா?

முலுண்ட் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 16 வயது, இந்த ஆண்டு பத்தாவது எழுதியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து இங்கே மும்பை முலுண்டிலேயே ஒரு டீச்சரிடம் பரதம் கற்கிறான். போன மார்கழியில் சென்னையில் ஒரு பயிலரங்குக்குப் போனபோது அங்கே பாடம் எடுத்த குரு இவனைப் பார்த்துவிட்டு "பையனை என்னிடம் விடுங்கள், முழுநேரமாகச் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். பெயர் பெற்றவர், வித்தையில் குறை சொல்ல முடியாது. திருவான்மியூர் பக்கம் வீடு, மாடியில் ஓர் அறை இருக்கிறதாம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் வேண்டாம், கூடமாட உதவியாக இருந்தால் போதும் என்கிறார்.

மாமியார் "ஆம்பளைப் பிள்ளைதானே, என்ன பயம்" என்கிறார். என் தம்பி "ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு டான்ஸ்" என்கிறான். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சலித்துப் போயிற்று. என் வீட்டுக்காரருக்கு அனுப்ப மனம் இருக்கிறது, ஆனால் அந்த மாடி அறைதான் உறுத்துகிறது, ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வேளச்சேரியில் என் நாத்தனார் இருக்கிறார். ஒரே சம்பளம், சின்னவள் ஏழாவது படிக்கிறாள். பிள்ளைகளை இப்படி அனுப்பியவர்கள், போய்ப் படித்தவர்கள் சொல்லுங்கள், குரு வீடா, வெளியிலா? பள்ளிப் படிப்பை என்ன செய்வது?

செம்பூர் மாமா:
குருகுலவாசம் எல்லோருக்கும் வாய்க்காது அம்மா. வித்தை வகுப்பில் மட்டும் வருவதில்லை, குரு பாடிக்கொண்டே காபி குடிப்பதைப் பார்ப்பதிலும் வரும். பரதக் கலைஞர் தனஞ்ஜயன் சாரை எடுத்துக்கொள்ளுங்கள், 1953இல் கேரளத்துப் பையனூரிலிருந்து கதகளி ஆசான் சந்துப் பணிக்கர் கூட்டிவந்து சென்னைக் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் விட்ட பையன்தானே அவர்? வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா? இந்தக் காலத்துப் பெற்றோர் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் ஒன்று, பன்னிரண்டாவது முடித்துவிட்டு அனுப்புங்கள். கையில் ஒரு பிளஸ் டூ இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மாட்டுங்கா மாமி:
எனக்கு ஒன்று புரியவில்லை, ஏன் போக வேண்டும்? இங்கே மாட்டுங்காவில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945லிருந்து இருக்கிறது. முலுண்டிலிருந்து ஸ்லோ டிரெயினில் ஏறினால் நேரே மாட்டுங்கா. பன்னிரண்டாவதுக்கு அப்புறம் நடனக் கலைஞர் கனக் ரேலே தொடங்கிய நாளந்தா நடனக் கல்லூரியில் மும்பைப் பல்கலைக்கழகப் பட்டமாகவே நாட்டியம் படிக்கலாம். பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு படிப்பானே.

முலுண்ட் அம்மா:
மாமி, அதையும் யோசித்தோம். அவனுக்கு இந்த குருவின் பாணி பிடித்துவிட்டது. இங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும். காலையிலும் மாலையிலும் ஆட்டம், நடுவில் பாட்டு, தாளம் என்று ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும் என்கிறான். இங்கே பள்ளி, டியூஷன், லோக்கல் டிரெயின் எல்லாம் போக வாரத்தில் இரண்டு மாலைதான் மிஞ்சுகிறது.

டோம்பிவிலி பொண்ணு:
அக்கா, நான் உங்கள் மகன் வயதில் டோம்பிவிலியிலிருந்து சென்னை போனவள், இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறேன். குரு வீட்டிலும் தங்கியிருக்கிறேன், பணம் கட்டித் தங்கும் பிஜியிலும் தங்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம், அவரிடம் கற்றது இன்றும் என் காலில் இருக்கிறது, அந்த மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த "கூடமாட உதவி" என்ன என்று சொல்கிறேன்.

காலையில் என் பயிற்சி முடிந்ததும் குட்டிப் பிள்ளைகள் வகுப்பு. தாளம் தட்டும் தட்டுக்கழியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். ஆரம்பப் பாடமான தட்டடவும் நாட்டடவும் சொல்லிக் கொடுத்தபடி உட்கார்ந்தே இருப்பேன், அந்த நேரத்தில் என் உடம்பு ஆறிப்போகும். மதியம் அவர் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். சாயங்காலம் மறுபடி சின்ன வகுப்பு. என் பாடத்துக்கு அவருக்குக் களைப்பில்லாத நாள் பார்த்துத்தான் நேரம். இதில் எதுவுமே அநியாயம் என்று அப்போது தோன்றவில்லை, ஏனென்றால் சோறு அவர் வீட்டுச் சோறு. வேறொரு சபாவில் ஆட எனக்கு அழைப்பு வந்தபோது அவர் வேண்டாம் என்றார். பாடம் சொல்பவரும், வீட்டுக்காரரும், மேடை கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் எதை நம்பி வாய் திறப்பது? ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால்கூட அன்றிரவு படுக்க இடம் இருக்குமா என்ற யோசனை வரும்.

பிஜிக்கு மாறிய பிறகு அதே குருவிடம்தான் தொடர்ந்தேன். உறவு நன்றாகிவிட்டது, ஏன் தெரியுமா, ஏழு மணிக்கு நான் என் அறைக்குப் போய்விடுவேன்.

செம்பூர் மாமா:
ஒருத்தர் வீட்டில் அப்படி நடந்தால் எல்லோரும் அப்படியா? நட்டுவனார் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கற்றவர்கள்தான் இந்தக் கலையைக் காப்பாற்றினார்கள்.

டோம்பிவிலி பொண்ணு:
மாமா, குருமேல் குற்றம் சொல்லவில்லை, ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். நல்லவர் வீட்டிலும் இதுதான் நடக்கும். அப்புறம், நீங்கள் சொன்ன உதாரணத்திலேயே பாருங்கள், அவர் சேர்ந்தது ஒரு நிறுவனத்தில், தனி ஆள் வீட்டு மாடியில் இல்லை. நிறுவனத்தில் ஒரு ஆசிரியருடன் ஒத்துவராவிட்டால் இன்னொருவர் இருப்பார், விடுதிக்கு வேறு பொறுப்பாளர் இருப்பார்.

தாராவி தம்பி:
ஆணாக ஆடுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் அக்கா. பரதத்தில் நன்றாக ஆடும் பையன்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். நாட்டிய நாடகம் போடும் எல்லோருக்கும் ஒரு ராமன், ஒரு கிருஷ்ணன், பின்னால் நிற்க நாலு பேர் வேண்டும். உயரமாக, தாளம் தவறாத ஒரு பையன் வீட்டிலேயே இருந்தால் எந்த குருவும் விடமாட்டார். பையனும் மேடை கிடைக்கிறதே என்று போய்க்கொண்டே இருப்பான். வெளிநாட்டு டூர், கோவில் விழா, கல்யாண வரவேற்பு எல்லாம் ஆடியிருப்பான், ஆனால் தனியாக ஒரு வர்ணம், அதாவது நீண்ட ஆட்டப் பாடல், முழுசாக ஆடத் தெரியாது. நான் அப்படி ஆனவர்கள் சிலரை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் போகும் முன்பே கேளுங்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவனுக்கு மட்டும் பாடம், முதல் ஆண்டில் வர்ணம் மாதிரி என்னென்ன உருப்படி, குழு நிகழ்ச்சிக்குச் சம்பளம் உண்டா, பயணச் செலவு யாருடையது. கேட்டால் கோபிப்பார் என்றால் இப்போதே கோபிக்கட்டும்.

இன்னொன்று, "ஆம்பளைப் பிள்ளை, என்ன பயம்" என்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமையிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொது, பையன்களுக்கும் சேர்த்துத்தான். நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். இதையெல்லாம் பையனிடம் உட்கார்ந்து பேசுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு அப்பாவிடம் தள்ளாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பையன்கள் இந்த விஷயத்தை அம்மாவிடம் சொல்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

சயான் வாத்தியார்:
படிப்பு பற்றி நான் சொல்கிறேன். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சென்னையிலேயே ஏதாவது பள்ளியில் பதினொன்றாவது. சிபிஎஸ்இ பிளஸ் டூவில் பரதநாட்டியம் ஒரு பாடமாகவே உண்டு, ஆனால் அதை நடத்தும் பள்ளி கிடைப்பது குதிரைக்கொம்பு, அதோடு 75 சதவீத வருகை கேட்பார்கள், காலைப் பயிற்சி போய்விடும். இரண்டு, நம் மகாராஷ்டிரா போர்டில் 17 நம்பர் ஃபார்ம் போட்டுத் தனித்தேர்வராக எழுதுவது. அதற்குத் தேர்வு எழுத இங்கே வர வேண்டும். மூன்று, என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளி. உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. சேர்ந்தால் 5 ஆண்டுக்குச் செல்லுபடி, அதற்குள் 9 வாய்ப்பு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. படிப்பு மையத்தைச் சென்னையிலேயே தேர்ந்தெடுங்கள். மார்கழி முழுக்க நிகழ்ச்சி பார்க்கும் பையனுக்கு மார்ச் போர்டு தேர்வு கழுத்தை நெரிக்கும், என்ஐஓஎஸ்ஸில் அந்தச் சிக்கல் குறைவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அதில் பையனை யாரும் துரத்த மாட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் படிப்புக்கு என்று ஒதுக்காவிட்டால் அந்த 5 ஆண்டும் அப்படியே ஓடிவிடும். கணக்கோ பொருளாதாரமோ ஒரு பாடத்துக்காவது டியூஷன் வையுங்கள். படித்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் பரதக் கலைஞர் சி.வி. சந்திரசேகர் பெயரைச் சொல்லுங்கள். கலாக்ஷேத்ராவில் டிப்ளமா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் எம்எஸ்சி, பிறகு பரோடா பல்கலைக்கழகத்தில் நடனப் பேராசிரியர், 2011இல் பத்ம பூஷண். எழுபது வயதுக்கு மேலும் அவர் மேடையில் குதித்ததைப் பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பார்கள்.

வாஷி பிசியோ:
என்னிடம் முட்டி வலி என்று வரும் நடனப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பயிற்சியை ஒரேயடியாகக் கூட்டியவர்கள். உங்கள் மகன் வாரம் இரண்டு மாலையிலிருந்து தினமும் காலை மாலை என்று தாவப் போகிறான், அதுவும் எலும்பு இன்னும் வளர்கிற வயதில். குதித்து மெட்டடவு மாதிரி திரும்பத் திரும்பக் குதிக்கும்போது முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, கால் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்க ஆரம்பிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்போம், வளரும் பையன்களுக்குச் சாதாரணமாக வருவது, ஓய்வும் தொடைத் தசைப் பயிற்சியும் கொடுத்தால் அடங்கும். "வலித்தால்தான் வித்தை" என்று மிதித்துக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். கிளம்புவதற்கு முன் இருக்கும் வாரங்களில் இங்கேயே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

முட்டியை மடித்து நிற்கும் அரைமண்டியை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பாதம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முட்டி கால்விரல் போகும் பக்கமே போக வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் இழுத்துத் திருப்பினால் அந்த முறுக்கு முழுவதையும் முட்டி வாங்கும். குரு வகுப்பு எடுக்கும் தரையையும் பாருங்கள். கிரானைட்டா, சிமெண்டா, மரப்பலகையா என்பது பெரிய விஷயம், வெறுங்காலில் தினமும் தட்டப்போகிறான். மரத்தளம் இல்லை என்பதற்காகச் சேர்க்காமல் இருக்க வேண்டியதில்லை, நம் ஊரில் பாதிப் பேருக்கு அது கிடையாது, ஆனால் அப்படியென்றால் குதிப்பு அடவுகளை ஒரே நாளில் குவிக்கக் கூடாது.

சாப்பாடு: பிஜி மெஸ்ஸில் சோறு, சாம்பார், சோறு, ரசம். புரதம் எங்கே? முட்டை சாப்பிடுவான் என்றால் அது, இல்லையென்றால் வேர்க்கடலை, சுண்டல், பனீர், தயிர் கூடுதலாகப் போக வேண்டும். ரத்தத்தில் இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று: மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை என்றால் "டான்ஸ் ஆடுகிறாள், அதனால்தான்" என்று விடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம், எலும்பு பலவீனமாகும், டாக்டரிடம் போக வேண்டும்.

முலுண்ட் அம்மா:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டோம்பிவிலி பொண்ணு எழுதியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், "இதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார், அவருக்கு உறுத்தியது என்னவென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆக, அறை வேண்டாம் என்று முடிவு. ஆனால் குருவே வாய்விட்டுக் கேட்டதை எப்படி வேண்டாம் என்பது? மனம் கோணிவிட்டால் பையனுக்குத்தானே கஷ்டம். செலவு வேறு இருக்கிறது. உதவித்தொகை ஏதாவது உண்டா?

தாராவி தம்பி:
உதவித்தொகை: மத்திய அரசின் கலாசார மையமான சிசிஆர்டி தரும் திறமைத் தேடல் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் மகனுக்குத் தாண்டிவிட்டது. ஏழாவது படிக்கும் சின்னவள் ஏதாவது கலை கற்கிறாள் என்றால் அவளுக்கு உடனே போடுங்கள், பெரிய தொகை இல்லை, ஆனால் டியூஷன் கட்டணத்தில் ஒரு பங்கு வரும், பட்டப்படிப்பு வரை தொடரலாம். மகனுக்கு அடுத்தது 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கான மத்தியக் கலாசார அமைச்சக உதவித்தொகை, மாதம் 5000 ரூபாய், 2 ஆண்டு. அதற்கு குருவின் சான்றிதழ், கற்ற ஆண்டுகள் எல்லாம் கேட்பார்கள், அதனால் இன்றிலிருந்தே ஃபீஸுக்கு ரசீது வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

அரங்கேற்றம் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஒத்திகைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி, ஹால், உடை, மேக்கப், வீடியோ, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் போய்விடும். "தோதுப்பட்டபோது செய்வோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு நெருக்க மாட்டார்கள்.

டோம்பிவிலி பொண்ணு:
அறையை வேண்டாம் என்று சொல்வது சுலபம் அக்கா. "அத்தை வீடு பக்கத்தில் இருக்கும்போது வேறு இடத்தில் தங்கினால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படும், முதல் ஒரு வருஷம் அங்கே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். உறவுக்காரர் மனம் நோகும் என்றால் நம் ஊரில் எந்த குருவும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

செம்பூர் மாமா:
குருவிடம் பொய்யோடு தொடங்குவதா?

டோம்பிவிலி பொண்ணு:
அத்தை வீடு நிஜம்தானே மாமா? நிஜமாகவே அவர்களுக்கு மனசு கஷ்டப்படும்.

அத்தை அவனை வாரம் ஒருநாளாவது நடனம் தவிர வேறு ஏதாவது பேச வைக்கட்டும். என் அப்பா அப்படித்தான். போன் செய்தால் "என்ன கற்றாய், எப்போது அரங்கேற்றம்" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடையில் நடந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, கிரிக்கெட் ஸ்கோர் என்று பேசுவார். அதனால்தான் ஒருநாள் நான் அழுதுகொண்டே சொல்ல முடிந்தது. அம்மா பருப்புப் பொடி அனுப்புவாள். என் குதிகால் வெடித்து, நடக்கும்போது தரையில் சிவப்பாகப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது, ராத்திரி வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு, அப்புறம் வேப்பெண்ணெய் தடவி சாக்ஸ் போட்டுப் படுப்பேன், அதை வீட்டில் காட்டவே இல்லை. தங்கை வந்து பார்த்துச் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். பையன்கள் இன்னும் மோசம், ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாத்தனாரிடம் அவன் காலைப் பார்க்கச் சொல்லுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

சயான் வாத்தியார்:
வீட்டுக்கு வந்துபோக ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை. தீபாவளிக்கு நாள் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், மும்பை-சென்னை ரயில்களில் காத்திருப்புப் பட்டியல் நொடியில் ஏறும்.

முலுண்ட் அம்மா:
குருவுக்குப் போன் செய்தோம். அத்தை வீட்டு விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "சரி, அத்தை வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். குட்டிப் பிள்ளைகள் வகுப்பை அவன் எடுப்பது பற்றி வீட்டுக்காரர் நேராகவே கேட்டார். முதல் ஆண்டு வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தனிப் பாடம் வாரம் நான்கு நாள் என்றார், அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. என்ஐஓஎஸ்ஸில் சேர்க்கிறோம். மகனுக்கு அறை போனதில் வருத்தம்தான், குருவின் பாட்டை ராத்திரி கேட்கலாம் என்று நினைத்திருந்தானாம், மாமா சொன்னது மாதிரியே. ஆனால் வகுப்பு காலை ஆறு மணிக்கு என்கிறார். வேளச்சேரியிலிருந்து அந்த நேரத்துக்கு எப்படிப் போவான்? பறக்கும் ரயில் சரிப்படுமா?

டோம்பிவிலி பொண்ணு:
ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் திருவான்மியூர், ஆனால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும், ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு அங்கே நின்று உடம்பைச் சூடுபடுத்த வேண்டும். பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள் அக்கா, தரமணி வழியாகப் போகலாம், அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும். டைனமோ லைட் வைத்ததாகப் பாருங்கள். முதல் வாரம் அத்தை வீட்டில் யாராவது ஸ்கூட்டரில் கூடப் போகட்டும்.

செம்பூர் மாமா:
வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதி வாங்குங்கள்.